மின்கையொப்பம் செல்லும், ஆனால் எது?

வெள்ளைத் தாளில் போட்ட கையெழுத்தைப் போனில் படமெடுத்து, ஒப்பந்தத்தின் அடியில் ஒட்டி, பிடிஎஃப் ஆக்கி வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். இது செல்லுமா? ஒப்பந்தம் செல்லலாம். ஆனால் அந்தப் படம், இந்தியத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் சொல்லும் மின்கையொப்பம் அல்ல.

மின்னஞ்சல்கள் வழியாகவே ஒப்பந்தம் உருவாகிவிடும் என்று டிரைமெக்ஸ் - வேதாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010-லேயே சொல்லிவிட்டது. சட்டத்தின் 10ஏ பிரிவும் அதற்கு இடம் தருகிறது. சிக்கல் எங்கே வருகிறது என்றால், "அது நான் போட்டதில்லை" என்று எதிராளி மறுக்கும்போதுதான். போட்டது அவர்தான் என்று நிரூபிக்கும் சுமை அப்போது உங்கள் தலையில் விழும்.

சட்டம் ஏற்கும் கையொப்பங்களில் பழையது, 2000-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே உள்ள டிஜிட்டல் கையொப்பம். உரிமம் பெற்ற நிறுவனம் யூஎஸ்பி டோக்கனில் தரும் 'டிஎஸ்சி' இதுதான். ஆவணத்தில் ஒரு காற்புள்ளியை மாற்றினாலும் கையொப்பம் உடைந்துவிடும். 2015-இல் சேர்ந்தது, ஓடிபி கொடுத்துப் போடும் ஆதார் இ-சைன். இரண்டுமே கோப்புக்குள் இருப்பவை. பிரிண்ட் எடுத்த தாளை வைத்துக்கொண்டு சரிபார்க்க முடியாது. டிஜிட்டல் கையொப்பத்தோடு வரும் இ-ஆதார் கோப்பில் பச்சை டிக்குக்குப் பதில் கேள்விக்குறி தெரிகிறது என்று திருப்பி அனுப்புகிறவர்கள் உண்டு. கேள்விக்குறி என்றால் போலி என்று பொருளல்ல. அந்தக் கணினி சான்றிதழை இன்னும் சரிபார்க்கவில்லை, அவ்வளவுதான்.

டிஎஸ்சியின் உண்மையான பலம் நீதிமன்றத்தில்தான் தெரியும். டிஎஸ்சி போன்ற 'பாதுகாப்பான மின்கையொப்பம்' என்றால், அதை உரியவரே விரும்பிப் போட்டார் என்று நீதிமன்றம் அனுமானிக்கும். பழைய சாட்சியச் சட்டத்தில் இருந்த இந்த விதி, 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள புதிய சட்டத்திலும் தொடர்கிறது. ஆக, இங்கே நிரூபிக்க வேண்டியவர் மறுப்பவர்.

இதை அறிந்தும் நம் ஊர் வியாபாரிகளும் கம்பெனி இயக்குநர்களும் டோக்கனைப் பாஸ்வேர்டோடு ஆடிட்டர் அலுவலகத்தில் விட்டுவைக்கிறார்கள். வெற்றுப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதற்கு இது சமம். ரகசியச் சாவியைக் கவனமாகக் காப்பது சான்றிதழ்தாரரின் கடமை என்று தகவல் தொழில்நுட்பச் சட்டமே சொல்கிறது.

எல்லாவற்றுக்கும் மின்கையொப்பம் உதவாது. உயிலும் அறக்கட்டளைப் பத்திரமும் இன்றும் மையில்தான். மின்கையொப்பம் செல்லாத ஆவணங்களின் பட்டியல் 2022-இல் சுருங்கியது. ரிசர்வ் வங்கி போன்ற அமைப்புகளின் கட்டுப்பாட்டில் உள்ள நிறுவனங்களுக்கு எழுதித் தரும் கடன் உறுதிச்சீட்டும் அதிகாரப் பத்திரமும் விலக்கு பெற்றன. நில விற்பனை ஒப்பந்தம் பட்டியலிலிருந்தே நீங்கியது. அதற்காகக் கிரயப் பத்திரத்தை ஓடிபியில் முடித்துவிடலாம் என்று எண்ண வேண்டாம். முத்திரைக் கட்டணமும் பதிவும் அப்படியே இருக்கின்றன.

உங்கள் டோக்கன் வேறு யாரிடமாவது இருந்தால் முதலில் திருப்பி வாங்குங்கள், பாஸ்வேர்டை மாற்றுங்கள். பிறர் மின்கையொப்பத்தை மோசடியாகப் பயன்படுத்தினால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஆனால் மோசடி என்று நீங்கள் நிரூபிக்கும்வரை, அந்தக் கையொப்பம் உங்களுடையதே.