கையடக்க விளையாட்டுக் கருவிகள்: ஆர்மா, எக்ஸ்86-ஆ?

வால்வ் நிறுவனம் 2022 பிப்ரவரியில் விற்பனைக்கு விட்ட ஸ்டீம் டெக் கருவிக்குள் இருப்பது ஏஎம்டியின் எக்ஸ்86 சிப். அப்போது கைப்பேசிகள் அநேகமாக எல்லாமே ஆர்ம் செயலிகளில் ஓடின. நின்டெண்டோ ஸ்விட்ச்சும் 2017இல் ஆர்முடன்தான் வந்தது. பேட்டரியை நம்பி ஓடும் கருவியில் மேசைக் கணினியின் வடிவமைப்பை ஏன் வைக்க வேண்டும்? ஆர்ம் சிக்கனமானது, எக்ஸ்86 மின்சாரத்தை விழுங்குவது என்ற பரவலான நம்பிக்கையை வைத்துக்கொண்டு இதற்கு விடை காண முடியாது. ஏற்கெனவே எழுதிக் குவித்திருக்கும் மென்பொருள் எந்தச் செயலிக்கானது என்பதே இந்தப் போட்டியைத் தீர்மானிக்கிறது.

எக்ஸ்86 கட்டளை ஒரு பைட்டிலும் முடியலாம், 15 பைட் வரையும் நீளலாம். 64 பிட் ஆர்மில் ஒவ்வொரு கட்டளையும் 4 பைட்தான். பிரித்துப் படிப்பது எளிது. அதனால் கொஞ்சம் மின்சாரம் மிச்சமாவது உண்மை. ஆனால் அந்த மிச்சம் பெரிதல்ல. இரு வகைச் செயலிகளையும் ஒப்பிட்ட விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கட்டளைத் தொகுப்பால் மின்செலவு மாறுவதில்லை, சிப்பை எந்த வேகத்துக்காக வடிவமைத்தார்கள் என்பதாலேயே மாறுகிறது என்று 2013இல் முடிவு சொன்னார்கள். அப்படியானால் 2020இல் வந்த ஆப்பிளின் ஆர்ம் சிப்பான எம்1 எப்படி அவ்வளவு சிக்கனமாக ஓடியது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. எம்1 அன்றைய நிலையில் மிக முன்னேறிய 5 நானோமீட்டர் முறையில் டிஎஸ்எம்சியிடம் தயாரானது. நினைவகமும் சிப்புடன் ஒரே பொதியில் இருந்தது. இன்டெல் 2024இல் லூனார் லேக் சிப்பை அதே டிஎஸ்எம்சியிடம் செய்து, நினைவகத்தையும் அருகிலேயே வைத்தபோது, எக்ஸ்86 மடிக்கணினிகளின் பேட்டரியும் நீண்ட நேரம் நின்றது.

மென்பொருளின் கனம் வேறு மாதிரி. வால்வின் ஸ்டீம் கடையில் இருக்கும் விளையாட்டுகள் பெரும்பாலும் விண்டோஸ், எக்ஸ்86 இரண்டுக்குமாக உருவானவை. ஸ்டீம் டெக்கில் புரோட்டான் என்ற மென்பொருள் விண்டோஸ் அழைப்புகளை மட்டும் லினக்ஸுக்கு மாற்றித் தருகிறது. செயலிக் கட்டளைகளைத் தொட வேண்டியதில்லை. ஆர்ம் கருவியில் அவற்றையும் மொழிபெயர்த்தாக வேண்டும். இந்த மொழிபெயர்ப்புக்காகவே ஆப்பிள், நினைவகத்தை எக்ஸ்86 கையாளும் ஒழுங்கை எம்1 சிப்பிலேயே சேர்த்தது. ஆர்முக்காக வந்த மைக்ரோசாப்ட்டின் விண்டோஸ் ஆர்டி (2012) பழைய எக்ஸ்86 நிரல்களை ஓட்டவே இல்லை. விற்காமல் தேங்கிய சர்ஃபேஸ் ஆர்டி கருவிகளுக்காக அடுத்த ஆண்டே 90 கோடி டாலரை இழப்பாக எழுத நேர்ந்தது. நின்டெண்டோவுக்கு இந்தச் சுமை கிடையாது. 2001இன் கேம் பாய் அட்வான்ஸ் முதலே அதன் கையடக்கக் கருவிகள் ஆர்ம்தான். விளையாட்டுகளும் அவற்றுக்கென்றே எழுதப்படுகின்றன.

மொழிபெயர்ப்பு மேம்பட்டு வருகிறதே என்பது வலுவான மறுப்பு. வால்வே 2025 நவம்பரில் ஸ்னாப்டிராகன் என்ற ஆர்ம் சிப்புடன் ஸ்டீம் ஃபிரேம் தலையணிக் கருவியை அறிவித்தது. அதில் ஃபெக்ஸ் என்ற மென்பொருள் எக்ஸ்86 விளையாட்டுகளை மொழிபெயர்த்து ஓட்டும். ஆர்முக்கு மாறும்போதும் பழைய விளையாட்டுகளைக் கைவிட வால்வால் முடியவில்லை என்பதைத்தான் இது காட்டுகிறது. இயங்குதளத்தின் ஆழத்தில் ஓடும் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருளை இந்த வழியில் மொழிபெயர்க்கவும் முடியாது. அதை ஆர்முக்கென்று தனியாக எழுதித்தான் தர வேண்டும். ஆகவே கருவி வாங்கப் போகிறவர்கள், பெட்டியில் அச்சிட்ட சிப் பெயரைப் பார்ப்பதற்கு முன், தாங்கள் ஆடும் விளையாட்டுகள் அதில் ஓடுமா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.