அத்துமீறி நுழைந்தவர் அடிபட்டால் யார் பொறுப்பு?

சாலில் பொதுக் கக்கூஸ் வாசலில் காலை வரிசை எப்படி இருக்கும் என்று மும்பைத் தமிழர்களுக்குச் சொல்ல வேண்டியது இல்லை. அவசரத்துக்கு அடுத்த வீட்டுக் கக்கூசுக்குள் நுழைந்த ஒரு பெண் உயிரை விட்ட வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போயிருக்கிறது. "என் இடத்துக்குள் கேட்காமல் வந்தவனுக்கு என்ன ஆனால் எனக்கு என்ன?" என்று பேசுகிறவர்களுக்கு அந்தத் தீர்ப்பில் பதில் இருக்கிறது.

சம்பவம் நடந்தது பீகார் மாநிலம் சம்பாரண் மாவட்டத்தில், 1959-ம் ஆண்டு ஜூலை மாதம். ஒரு வீட்டுக் கக்கூசின் சுவர் இடிந்து விழுந்துவிட்டது. உள்ளே போனால் வெளியே இருப்பவர்கள் கண்ணில் படும். அதனால் அந்த வீட்டுப் பெண்ணும் இன்னும் சிலரும் பக்கத்து வீட்டுக் கக்கூசுக்குப் போக ஆரம்பித்தார்கள்.

பக்கத்து வீட்டுக்காரருக்கு இது பிடிக்கவில்லை. வரக்கூடாது என்று வாயால் சொல்லிப் பார்த்தார். பலன் இல்லை. கக்கூசுக்குப் போகும் வழியின் குறுக்கே உறை இல்லாத செம்புக் கம்பியைக் கட்டி, வீட்டு மின்சாரத்தை அதில் பாய்ச்சினார். கம்பியில் மின்சாரம் ஓடுகிறது என்று எச்சரிக்கை எதுவும் வைக்கவில்லை.

சுவர் இடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. அந்தப் பெண் உள்ளே போகும்போது கம்பியில் படாமல் போய்விட்டார். வெளியே வரும்போது கை பட்டுவிட்டது. சற்று நேரத்தில் உயிர் பிரிந்தது.

ஓநாய் அல்ல

"அத்துமீறி வந்தார்கள். என் சொத்தைக் காக்க எனக்கு உரிமை உண்டு" என்று வீட்டுக்காரர் வாதாடினார். கீழ்க்கோர்ட்டில் தண்டனை. பாட்னா ஐகோர்ட்டிலும் விடவில்லை. 1963-ல் சுப்ரீம் கோர்ட்டும் அப்பீலைத் தள்ளுபடி செய்தது. தீர்ப்பு எழுதியவர் நீதிபதி என்.ராஜகோபால அய்யங்கார். சென்னை ஐகோர்ட்டில் நீதிபதியாக இருந்தவர். இந்தியப் பேடண்ட் சட்டத்துக்கு அடிப்படையான அறிக்கையைத் தந்தவரும் இவர்தான்.

பழைய இங்கிலாந்தில் சட்டத்துக்குப் புறம்பானவன் என்று ஒருவனை அறிவித்துவிட்டால், ஓநாயைக் கொல்வதுபோல யார் வேண்டுமானாலும் அவனைக் கொல்லலாம். அத்துமீறி நுழைந்தவர் அப்படிப்பட்ட ஓநாய் அல்ல என்றார் நீதிபதி. உள்ளே வந்துவிட்டார் என்பதற்காக அவரைக் கையால் அடித்துக் காயப்படுத்த உரிமை இல்லை. கையால் செய்யக்கூடாததைக் கம்பியால் மறைமுகமாகச் செய்யவும் உரிமை இல்லை. ஆளைக் கொல்லக்கூடிய மின்சாரத்தை வெறும் கம்பியில் விடுவது விளைவை மதிக்காத முரட்டுச் செயல் என்பது தீர்ப்பு.

அப்படியானால் சொந்தக்காரர் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டுமா? இல்லை. சுவர் எழுப்பலாம், பூட்டுப் போடலாம், பலகை மாட்டலாம், போலீசில் புகார் கொடுக்கலாம். இரவில் கன்னம் வைத்துப் புகுபவனிடமிருந்து தற்காத்துக்கொள்ளும் உரிமை தனி. ஆனால் கண்ணுக்குத் தெரிந்து தடுக்கும் வேலி வேறு, தெரியாமல் கொல்லும் பொறி வேறு.

வாடகைக்கு இருப்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். இடம் யார் பெயரில் இருக்கிறது என்று சட்டம் பார்ப்பதில்லை. கம்பியைக் கட்டியது யார் என்று பார்க்கிறது. தண்ணீர்க் குழாயைக் காக்கவோ, எலிக்கோ என்று நினைத்துக் கட்டினாலும் ஆள் செத்தால் வழக்கு வரும். பழைய 304-ஏ பிரிவில் அதிகபட்சம் 2 ஆண்டு சிறை. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதீய நியாய சன்ஹிதாவின் 106-ம் பிரிவில் அது 5 ஆண்டு வரை ஆகியிருக்கிறது.

குழந்தை வந்தால்?

வேண்டுமென்று பொறி வைக்கவில்லை, சும்மா கவனிக்காமல் விட்டுவிட்டார்கள் என்றால்? இதற்கு இங்கிலாந்து ரெயில்வே வழக்கு ஒன்று இருக்கிறது. அங்கே மின்சார ரெயில் பாதை ஓரத்து வேலியை மிதித்து மிதித்துக் குறுக்குவழி ஆக்கியிருந்தார்கள். பாதையில் குழந்தைகளைப் பார்த்ததாக ஸ்டேஷன் மாஸ்டருக்குத் தகவல் வந்தது. வேலி பழுது பார்க்கப்படவில்லை. 1965-ல் 6 வயதுச் சிறுவன் அந்த வழியாக நுழைந்து, மின்சாரத் தண்டவாளத்தில் பட்டுக் கடுமையாகத் தீய்ந்தான். 1972-ல் பிரபுக்கள் சபை, ரெயில்வேதான் பொறுப்பு என்றது. அத்துமீறியவனானாலும் அவன்பால் மனிதத்தன்மையுடன் நடக்கும் கடமை உண்டு என்பது காரணம். 1984-ல் அங்கே இதற்குத் தனிச்சட்டமே வந்துவிட்டது. இந்தியாவில் அப்படித் தனிச்சட்டம் இல்லை. நஷ்டஈடு கேட்டால், சொந்தக்காரருக்கு ஆபத்து தெரியுமா, ஆட்கள் வருவது தெரியுமா என்று வழக்குக்கு வழக்கு பார்க்கவேண்டியிருக்கிறது.

மும்பையில் தண்டவாளத்தைத் தாண்டுவது ரெயில்வே சட்டத்தின் 147-வது பிரிவுப்படி குற்றம். தாண்டும்போது அடிபட்டவருக்கு ரெயில்வே சட்டத்தின் விபத்து நஷ்டஈடு கிடையாது. நின்றுகொண்டிருக்கும் வாகனின் மேல் பிள்ளைகள் ஏறுவது அதைவிட மோசம். மேலே ஓடுவது 25 ஆயிரம் வோல்ட். தொடவே வேண்டாம், நெருங்கினாலே தாக்கும்.

ஆனால் தண்டவாளத்தில் பிணம் கிடந்தாலே அத்துமீறியவர் என்று முடிவு கட்டிவிட முடியாது. ஓடும் வண்டியிலிருந்து தவறி விழுந்த பயணி கணக்கு வேறு. பையில் டிக்கெட் அகப்படவில்லை என்பதால் மட்டும் அவர் பயணி இல்லை என்று ஆகிவிடாது என்று 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருக்கிறது. அவர் டிக்கெட்டுடன் வந்த பயணி என்பதற்கான விவரங்களைக் குடும்பத்தார் முதலில் பிரமாணப் பத்திரத்தில் சொல்ல வேண்டும். அதன்பிறகு இல்லை என்று நிரூபிப்பது ரெயில்வேயின் பொறுப்பு. 2017 முதல் மரணத்துக்கு நஷ்டஈடு 8 லட்சம் ரூபாய். மனுவை ரெயில்வே கிளெய்ம்ஸ் டிரிபியூனலில் ஓராண்டுக்குள் போட வேண்டும். பிணத்தை ஊருக்குக் கொண்டுபோய்க் காரியம் முடித்து, எட்டு மாதம் கழித்துத் திரும்புகிற குடும்பங்களுக்கு அதில் மிச்சம் இருப்பது நான்கு மாதம்தான்.