பனிக்கட்டியாற்றின் ஓட்டத்தை ஆகாயத்திலிருந்து அளத்தல்

மலைச்சரிவிலே உறைந்து கிடக்கும் பனிக்கட்டி அசைவற்றது என்றே காண்போர் எண்ணுவர். உண்மையில் அது தன் பாரத்தினாலேயே மெல்ல மெல்லக் கீழ்நோக்கி நகருகின்றது. 1827 ஆம் ஆண்டில் ஊகி என்னும் அறிஞர் சுவிற்சலாந்தின் பனிக்கட்டியாறொன்றின்மேற் குடிலொன்றை அமைத்தார். 1840 ஆம் ஆண்டளவில் அக்குடில் ஒரு கிலோமீற்றருக்கும் அப்பால் இறங்கியிருந்தது.

குடிலும் நட்ட கம்பும் எங்கும் உதவமாட்டா. அலாஸ்காவிலுள்ள கொலம்பியாப் பனிக்கட்டியாற்றின் கீழ்ப்பகுதி முழுவதும் பிளவுகள். அங்கே நடந்து அளத்தல் பேராபத்தானது. ஆதலால் அளப்போர் விமானத்தை நாடினர்.

விமானம் பறந்து செல்கையில், ஒன்றின் ஓரப்பகுதி மற்றதிலும் அமையுமாறு படங்கள் எடுக்கப்படும். நம் இரு கண்களும் சேர்ந்து ஆழத்தை உணர்த்துவதுபோல, ஈரிடங்களிலிருந்து எடுத்த படங்கள் பனிப்பரப்பின் மேடுபள்ளத்தைக் காட்டிவிடும். சில வாரங்களின் பின் விமானம் மீண்டும் வரும். கரையிலுள்ள பாறைகள் அசையாதவை. அவற்றின் இடம் முன்னரே அளந்தறியப்பட்டது. அவற்றை ஆதாரமாகக் கொண்டு, முதற்படத்திற் கண்ட பிளவு இரண்டாம் படத்தில் எவ்வளவு தூரம் கீழே சென்றுள்ளதெனக் கணிப்பர். அத்தூரத்தை இடைப்பட்ட நாட்களால் வகுத்தால் வேகம் கிடைக்கும். கணக்குப் பள்ளிச் சிறுவர்க்கும் எளிது. அதே பிளவை மீண்டும் இனங்காண்பதே கடினம். இடைவெளி நீண்டால் பிளவுகள் உருமாறிவிடும். குறுகினாலோ, நகர்ந்த தூரம் அளவைப் பிழைக்குள் மறைந்துவிடும்.

இவ்வளவு பாடு எதற்கெனின், அருகிலுள்ள வல்டீஸ் துறையிலிருந்து 1977 முதல் எண்ணெய்க் கப்பல்கள் புறப்படலாயின. பனிக்கட்டியாற்றின் முகமோ, 1794 இல் ஆங்கில மாலுமிகள் கண்ட இடத்திலேயே ஏறக்குறைய நிலைத்திருந்தது. கடலடியில் அதுவே கொணர்ந்து குவித்த கல்மண் திட்டு அதனைத் தாங்கிநின்றது. திட்டின் பின்னே ஆழ்ந்த பள்ளம். முகம் திட்டை விட்டுப் பின்வாங்குமாயின் கட்டிகள் பெருந்தொகையாய் உடைந்து மிதந்துவருமென, ஒஸ்ரின் போஸ்ற் முதலிய அமெரிக்கப் புவிச்சரிதவியல் ஆய்வுத் திணைக்களத்தார் 1980 இல் முன்னறிவித்தனர். அவ்வாறே நிகழ்ந்தது. பின்னெடுத்த படங்களில் ஒரு விந்தை: பனி முன்னிலும் விரைவாகக் கடலை நோக்கி ஓடிற்று, முகமோ பின்னோக்கிச் சென்றது. வந்து சேர்வதிலும் உடைந்து வீழ்வது மிகுந்தமையே காரணம். இன்றுவரை முகம் 20 கிலோமீற்றருக்கு மேற் பின்வாங்கிவிட்டது.

1989 மார்ச் 24 ஆந் திகதி, எக்சன் வல்டீஸ் என்னும் கப்பல் மிதக்கும் பனிக்கட்டிகளைத் தவிர்க்கப் பாதையை விட்டு விலகிப் பிளை என்னும் கடற்பாறையில் மோதிற்று. ஏறத்தாழ 4 கோடி லீற்றர் மசகெண்ணெய் கடலிற் கலந்தது. உரிய வேளையிற் கப்பலைத் திருப்பாதோரின் தவறே இதிற் பெரிது. ஆயினும் அவ்வழியிற் பனிக்கட்டிகள் பெருகுமென்பது ஒன்பது ஆண்டுகளுக்கு முன்னரே கூறப்பட்டிருந்தது.