அங்கே பனி, இங்கே மழை: பொங்கல் சந்தை நனைவது ஏன்?

மார்சிலிங்கில் எம்ஆர்டி ரயில் ஏறி, நியூட்டனில் மாறினால் அடுத்த நிலையம் லிட்டில் இந்தியா. பொங்கலுக்கு முந்திய வார இறுதியில் கரும்பும் மஞ்சள் கொத்தும் புதுப்பானையும் வாங்க நம் வட்டாரத்தினர் செல்லும் வழி இது. 2025ல் சரியாக அந்த வார இறுதியில்தான் மழை விடாமல் கொட்டியது.

ஜனவரி 10, வெள்ளிக்கிழமை தொடங்கிய மழை, இரண்டே நாளில் சாங்கியில் 250 மில்லிமீட்டரைத் தாண்டியது. ஜனவரி மாதம் முழுவதற்குமான சராசரியே ஏறத்தாழ 222 மில்லிமீட்டர்தான். பொங்கலோ 14ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை.

லிட்டில் இந்தியா வர்த்தகர்கள், மரபுடைமைச் சங்கமான லிஷாவுக்குப் புத்தாண்டு பிறந்ததுமே பொங்கல் வேலைதான். ஒளியூட்டு, சந்தை, மாடுகளைக் காணவரும் பிள்ளைகள் என்று வட்டாரம் களைகட்டும். அந்த நேரத்தில் வரும் மழை தற்செயலானது அன்று.

டிசம்பர், ஜனவரி மாதங்களில் சைபீரியா, மங்கோலியா பகுதிகள் உறைபனியில் கிடக்கும். அங்கே திரளும் கனமான குளிர்காற்று அவ்வப்போது தெற்கு நோக்கிப் பாயும். வெதுவெதுப்பான தென்சீனக் கடலைக் கடக்கையில் அது ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து இங்கே மழையாகக் கொட்டுகிறது. ஒரு பருவத்தில் இது வழக்கமாக இரண்டு முதல் நான்கு முறை நேரும். ஒவ்வொரு முறையும் ஒன்று முதல் ஐந்து நாள்கள் நீடிக்கலாம்.

ஐந்து நாள் மழை மற்றக் கடைகளுக்குச் சிறு தொல்லை. பொங்கல் வியாபாரிக்கு அதுவே முழுப் பருவம். தீபாவளியைப் போலப் பொங்கல் இங்குப் பொது விடுமுறை இல்லை. வேலைக்குச் செல்வோர் பொருள் வாங்க வார இறுதியையே நம்பியிருக்கிறார்கள். அது நனைந்துவிட்டால் விற்பனைக்கு வேறு நாள் இல்லை. பானை அடுத்த ஆண்டுவரை தாங்கும். வெட்டிய கரும்பும் மஞ்சள் கொத்தும் தாங்கா. நனைந்த பூ மறுநாளே அழுகிவிடும். தை இரண்டாம் நாளுக்குப் பிறகு கரும்பு கேட்டு யார் வருவார்?

பாலத்துக்கு அப்பாலும் இதே மழைதான். அந்த வாரம் ஜோகூரிலும் வெள்ளம் வந்து ஆயிரக்கணக்கானோர் வீடுகளிலிருந்து வெளியேற்றப்பட்டனர். மலேசியச் சரக்கை நம்பியுள்ள கடைக்காரருக்கு இது இரட்டைக் கவலை.

ஆறுதல் ஒன்று உண்டு. இந்தக் காற்று புறப்படுவதைச் சில நாள்களுக்கு முன்பே கணிக்க முடிகிறது. 2025லும் வானிலை ஆய்வகம் முன்கூட்டியே எச்சரித்திருந்தது. அப்படி அறிவிப்பு வந்தால் பானை, பச்சரிசி, வெல்லம் ஆகியவற்றை ஒரு வாரம் முன்னதாகவே வாங்கிவிடலாம். கரும்பையும் பூவையும் மட்டும் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம். அதற்குக் குடை பிடித்தபடி ஒரு நடை போய்வந்தால் போதும்.

நமக்கு அது ஒரு மாலைப்பொழுது. கடைக்காரருக்கு அது அந்த ஆண்டின் பொங்கல்.