இதயத்தில் புதிய இரத்தக் குழாய்கள்: ஓர் ஊசியின் கதை



உங்கள் குடும்பத்தில் எவருக்கேனும் மாரடைப்பு ஏற்பட்டிருந்தால், "இதயத் தசையில் ஒரு பகுதி செத்துவிட்டது" என்று மருத்துவர் கூறக் கேட்டிருப்பீர்கள். அடைபட்ட குழாயைத் திறந்துவிடலாம். மடிந்த தசையை மீட்க இயலாது. எனினும் சிலருக்கு அடைப்பைச் சுற்றி மெல்லிய கிளைக் குழாய்கள் தாமாகவே வளர்ந்து, பட்டினி கிடக்கும் தசைக்கு இரத்தம் ஊட்டுகின்றன. எல்லோருக்கும் இது போதிய அளவில் அமைவதில்லை. அவ்வளர்ச்சியை ஒரு ஹார்மோனால் தூண்ட முடியாதா என்னும் கேள்வி இங்கேதான் பிறந்தது.

அந்த ஹார்மோன் புதியதன்று. டயாலிசிஸ் செய்துகொள்ளும் உறவினர் உள்ள இல்லங்களில் எரித்ரோபாய்ட்டின் ஊசி நன்கு அறிமுகமானதே. இரத்தத்தில் பிராணவாயு குறையும்போது சிறுநீரகம் இதனைச் சுரக்கிறது. எலும்பு மஜ்ஜை இதன் ஏவலுக்கிணங்கிச் சிவப்பணுக்களை உற்பத்தி செய்கிறது. இதனைத் தூய வடிவில் பெற்ற வரலாறு வியப்புக்குரியது. ஜப்பானில், மஜ்ஜை செயலிழந்து கடும் இரத்தசோகைக்கு ஆளான நோயாளிகளின் சிறுநீர் 2,550 லிட்டர் சேகரிக்கப்பட்டது. டகாஜி மியாகே அதனை உலர்த்தி அமெரிக்காவின் சிக்காகோ நகருக்குக் கொண்டு சென்றார். அங்கே யூஜீன் கோல்ட்வாசருடன் இணைந்து அதிலிருந்து பிரித்தெடுத்தது சில மில்லிகிராம் மட்டுமே! ஆண்டு 1977.

பின்னர் ஆய்வுக்கூட விலங்குகளில் வேறொரு செய்தி வெளிப்பட்டது. இந்த ஊசியைப் பெற்ற எலிகளின் இதயத்தில் மடிந்த பகுதி சிறுத்தது; நுண்ணிய குழாய்கள் பெருகின. மஜ்ஜையிலிருந்து குழாய்ச் சுவரைக் கட்டும் உயிரணுக்களை இது வெளியே அழைத்து வருகிறது என்றும் கண்டனர். நம்பிக்கை பிறந்ததில் வியப்பென்ன?

ஆனால் மனிதன் எலியல்லன். நெதர்லாந்தில் 529 நோயாளிகளிடம் நடைபெற்று 2010இல் வெளியான ஆய்வில், ஆஞ்சியோபிளாஸ்டி முடிந்தவுடன் சிலருக்கு 60,000 அலகுகள் ஒரே தடவையாகச் செலுத்தப்பட்டன. ஆறு வாரங்கள் கழித்து இதயத்தின் இறைக்கும் ஆற்றலில் வேறுபாடு ஏதும் தென்படவில்லை. பிற இதயச் சிக்கல்கள் மட்டும் ஊசி பெற்றோரிடம் குறைந்திருந்தன. அந்த ஆறுதலும் நிலைக்கவில்லை. 2011இல் அமெரிக்காவிலிருந்து வெளியான ஆய்வில் ஹார்மோன் பெற்ற 125 பேரில் ஐவருக்கு மரணம், மறு மாரடைப்பு, பக்கவாதம், ஸ்டென்ட் அடைப்பு ஆகியவற்றுள் ஒன்று நேர்ந்தது. வெறும் உப்புநீர் பெற்ற 97 பேரில் ஒருவருக்கும் நேரவில்லை. எழுபது வயதைக் கடந்தோருக்கு மடிந்த தசையின் பரப்பு கூடுதலாகவே இருந்தது.

ஏன் இப்படி? நான் மதரஸாவில் பாடம் நடத்துபவன், மருத்துவம் கற்றவனல்லன். ஆயினும் காரணத்தின் ஒரு பகுதி நமக்கும் விளங்கக்கூடியதே. இந்த ஹார்மோன் இரத்தம் உறையும் தன்மையைக் கூட்டவல்லது. இரத்த அழுத்தத்தையும் உயர்த்தவல்லது. அப்போதுதான் ஓர் இரத்தக்கட்டி நீக்கப்பட்ட குழாய்க்கு இவை இரண்டும் பகை. புதிய குழாய்கள் எப்போதும் நன்மை பயப்பவை என்றும் எண்ணிவிடாதீர்கள். புற்றுநோய்க் கட்டியும் புதுக்குழாய்களை வரவழைத்தே வளர்கிறது என்பதை 1971லேயே ஜூடா போக்மன் என்னும் அறுவை மருத்துவர் எழுதிவிட்டார்.

ஆகவே, "அறுவையின்றி ஒரே ஊசியில் புதுக்குழாய்" என்று எவரேனும் உங்களிடம் கூறினால், அது எந்த மருந்து, எத்தனை மனிதர்களிடம் சோதிக்கப்பட்டது என்று கேளுங்கள். அதே வேளையில், சிறுநீரக நோய்க்காக இந்த ஊசியைப் பெற்றுவரும் பெரியவர் உங்கள் வீட்டில் இருப்பின், இதைப் படித்து அஞ்சி அதனை நிறுத்திவிட வேண்டாம். அங்கே அது இரத்தசோகையைத் தீர்க்கச் சிறிய அளவில் கொடுக்கப்படுவது. ஐயமிருந்தால் அவருடைய மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.