கோல்ஃப் ஜிடிஐயும் சுவிஃப்ட் ஸ்போர்ட்டும்

பின்கதவு மேலெழும் சிறிய குடும்பக் காருக்கு வலுக்கூடிய எஞ்சினும் இறுக்கமான ஸ்பிரிங்குகளும் பூட்டினால் அது ஹொட் ஹேட்ச். சந்தைக்குப் போகும் அதே காரில் மலைப்பாதையில் விரைந்து ஏறவும் முடியும். இந்த வகையை உலகறியச் செய்தது 1976இல் விற்பனைக்கு வந்த ஜெர்மானிய ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ. இலங்கையருக்கு நெருக்கமான உறவுக்கார், 2017இல் யப்பானில் வெளிவந்த சுசுகி சுவிஃப்ட் ஸ்போர்ட்.

கோல்ஃப் ஜிடிஐ, நிறுவனத்தின் கட்டளையால் பிறந்ததல்ல. 1974இல் பொறியியலாளர் சிலர் வேலைநேரத்துக்கு வெளியே கூடி உருவாக்கிய கார் அது. 5,000 கார் விற்றால் போதும் என்று கணக்கிட்டார்கள். முதல் தலைமுறை மட்டும் 4,60,000க்கு மேல் விற்றது. 1,588 சிசி எஞ்சின் 110 குதிரைவலு தந்தது, எடை சுமார் 810 கிலோ, உச்ச வேகம் மணிக்கு 182 கிலோமீற்றர். ஜெர்மனியின் அவுட்டோபான் நெடுஞ்சாலையில் பல இடங்களில் வேக எல்லையே கிடையாது. பெரிய கார்களுக்கென்றே இருந்த இடது ஓட்டப்பாதையில் சம்பளக்காரரின் சிறிய காரும் ஏறியது அப்போதுதான். உள்ளே சிவப்பும் கறுப்பும் கலந்த கட்டத்துணி ஆசனம். கியர்த் தடியின் தலையில் கோல்ஃப் பந்து. இரண்டையும் தந்தவர் வடிவமைப்பாளர் குன்ஹில்ட் லில்யெக்விஸ்ட்.

யப்பானியரின் வேகச்சுவை வேறு. அங்கே சாதாரண வீதிகளில் எல்லை 60 கிலோமீற்றர், மலைப்பாதைகள் குறுகலானவை. உச்ச வேகத்தைவிட வளைவிலிருந்து உடனே இழுத்துக்கொண்டு வெளியேறுவதையே அங்குள்ளவர்கள் விரும்புகிறார்கள். அதனால்தான் சுவிஃப்ட் ஸ்போர்ட்டின் 1,371 சிசி டர்போ எஞ்சின் 140 குதிரைவலுவோடு நின்றாலும், 230 நியூட்டன் மீற்றர் முறுக்குவிசையை நிமிடத்துக்கு 2,500 சுற்றிலேயே கொடுத்துவிடுகிறது. கோல்ஃப் தன் 140 நியூட்டன் மீற்றரை எட்ட 5,000 சுற்று ஓட வேண்டும்.

எடைக்கணக்குதான் வியப்பூட்டுவது. கோல்ஃபில் ஒரு குதிரைவலு சுமார் 7.4 கிலோவைச் சுமக்கிறது. 970 கிலோ சுவிஃப்டில் சுமார் 6.9. நாற்பது ஆண்டு இடைவெளியில் வித்தியாசம் இவ்வளவுதான். ஆனால் காற்றுப்பை, ஏபிஎஸ், ஏசி எதுவுமில்லாமல்தான் கோல்ஃப் இலேசாக இருந்தது. அத்தனையையும் சுமந்துகொண்டு ஒரு தொன்னுக்குள் நிற்கும் சுவிஃப்டின் சாதனையே பெரிது.

இலங்கைக்கு எந்தக் கார் வருகிறது என்பதைத் தீர்மானிப்பது சுவையல்ல, வரியும் ஸ்டியரிங்கும். இங்கே வாகனங்கள் இடப்பக்கம் ஓடுகின்றன; யப்பானிலும் அப்படியே. ஆகவே வலப்பக்க ஸ்டியரிங் கொண்ட யப்பானிய ரீகண்டிஷன் கார்கள் மாற்றமின்றி இறங்கும். சிசி கூடக் கூட வரியும் ஏறுவதால் சிறிய டர்போ எஞ்சின் கைகொடுக்கும். கோல்ஃப் ஜிடிஐயோ 1979வரை இடப்பக்க ஸ்டியரிங்கோடு மட்டுமே வந்தது. 2020இல் நிறுத்தப்பட்ட தனியார் கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது.

திருகோணமலையிலிருந்து கிண்ணியா, மூதூர், இலங்கைத்துறை முகத்துவாரம் வழியாக வெருகலுக்கு இறங்கும் ஏ-15 வீதியில் இரண்டையும் வைத்துப் பார்க்கலாம். ஊருக்கு வெளியே கார்களுக்கு எல்லை 70 கிலோமீற்றர். மாடுகள் எங்கும் குறுக்கிடும். கோல்ஃப் தன் வலுவை முழுதாகக் காட்டும் வேகத்துக்கு இங்கே சட்டத்திலும் இடமில்லை, வீதியிலும் இடமில்லை. லொறியொன்றை முந்த கியர் குறைக்காமலே இழுக்கும் எஞ்சின்தான் வேண்டும். வரலாற்றில் முதலிடம் கோல்ஃபுக்கு. இந்த வீதிக்கு ஏற்றது சுவிஃப்ட் ஸ்போர்ட்.