ஞாயிறு வழி – 7: ஆறு தேடி வரும் வேன்கள்

மடத்துக்குளத்தில் அமராவதிப் பாலத்துக்குச் சற்று முன்னால் ரோட்டோரம் ஒரு டீக்கடை. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அங்கே போய் உட்கார்ந்தால், ஒரு டம்ளர் டீ ஆறுவதற்குள் திருப்பூர் எப்படி ஓய்வெடுக்கிறது என்று பார்த்துவிடலாம். பழனியில் விடியற்காலைத் தரிசனம் முடித்த வேன்கள் உடுமலைப் பக்கம் திரும்பும் நேரம் அது. மொட்டைத் தலையில் சந்தனம், மடியில் பஞ்சாமிர்த டப்பா, ஜன்னலில் காயப்போட்ட துண்டு. வேனிலிருந்து முதலில் இறங்குகிறவர் டீ கேட்பதில்லை.

"ஏனுங்கண்ணா, ஆத்துல தண்ணி போகுதுங்களா?"

"போகுதுங்க. முட்டிக்கால் ஆழந்தான். பாறைப் பக்கம் மட்டும் கொழந்தைகள உட்றாதீங்க."

அவ்வளவுதான். வேன் காலியாகிவிடுகிறது.

போன வாரம் சொந்தக் காரில் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் ஏறுகிறவர்களைப் பார்த்தோம். இவர்கள் வேறு. பனியன் கம்பெனியில் பெரும்பாலோருக்கு வாரச் சம்பளம். சனிக்கிழமை கைக்கு வரும். ஆர்டர் அவசரம் என்றால் ஒன்றரை ஷிப்ட். காலையில் உள்ளே போனவர் வெளியே வரப் பன்னிரண்டு மணி நேரம் ஆகும். ஷிப்மென்ட் தேதி நெருங்கிவிட்டால் ஞாயிறும் போய்விடும். 'வீக்கெண்ட்' என்ற சொல்லுக்கு அங்கே ஒரே நாள்தான் பொருள், அதுவும் கிடைத்தால்.

அந்த ஒரு நாளுக்குள் அடங்குகிற ஊர்கள்தான் அவர்களுடைய சுற்றுலா வரைபடம். ஒரே கம்பெனியில் தைக்கிற டைலர்கள், அவர்களுக்கு உதவும் கைமடிப் பெண்கள், தைத்ததில் குறை பார்க்கும் செக்கிங் அக்காக்கள் பங்கு போட்டு வேன் பிடிப்பார்கள். இருட்டோடு கிளம்பி இருட்டோடு திரும்ப வேண்டும். ரூம் வாடகை கிடையாது. புளிசாதமும் தயிர்சாதமும் வீட்டுக் கட்டுச்சோறு. பழனியிலிருந்து கொடைக்கானல் இன்னும் 64 கிலோமீட்டர், அத்தனையும் வளைவு. ஏறி இறங்கவே பாதி நாள் போய்விடும். அதனால் பழனி, மடத்துக்குளம், அமராவதி அணை, நேரமிருந்தால் திருமூர்த்தி மலை, பிறகு உடுமலை வழியாக வீடு என்று ஒரு வட்டம் போட்டுக்கொள்கிறார்கள்.

வட்டம் புதிதல்ல. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறவர்கள் காலங்காலமாக இந்த ரோட்டில்தான் போகிறார்கள். ஆடி அமாவாசைக்குச் சுற்றுவட்டார விவசாயிகள் மாட்டுவண்டி பூட்டிக்கொண்டு திருமூர்த்தி மலை அமணலிங்கேஸ்வரரைப் பார்க்கப் போவார்கள். இன்றைக்கு மாட்டுக்குப் பதில் டீசல். கட்டுச்சோறு மட்டும் மாறவில்லை.

அன்றைக்கு என் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்தவர் செக்கிங் வேலை பார்க்கிற ஓர் அம்மா. குளிக்கப் போகவில்லையா என்று கேட்டேன். "பொடுசுக குளிச்சுட்டு வரட்டுமுங்க" என்றவர், கொஞ்ச நேரம் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "எங்க லைன் வீட்டுக்குப் பின்னாடியேதானுங்க நொய்யல் போகுது. இருவது வருசமா ஒரு நா கால் நனைச்சதில்ல."

இந்தக் கட்டுரைக்கு நான் தேடி வந்த விஷயம் அந்த ஒரு வரியில் இருந்தது. நொய்யல், வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கோவையையும் திருப்பூரையும் தொட்டுப் போகிற ஆறு. பாசனத்துக்கென்று அதன் குறுக்கே 1992-ல் சென்னிமலைப் பக்கம் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியது. எந்த விவசாயிக்காகக் கட்டினார்களோ அவரே அந்தத் தண்ணீரைத் திறந்துவிடாதே என்று போராட வேண்டி வந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. பிறகு கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடக்கூடாது என்ற முறைக்கு மாறித்தான் பட்டறைகள் திறந்தன. உலகத்துக்குச் சட்டை கொடுத்த ஊர், தன் ஆற்றை விலையாகக் கொடுத்தது. அந்த ஊர்தான் ஞாயிற்றுக்கிழமை வேன் பிடித்து இன்னோர் ஆற்றைத் தேடி வருகிறது.

வந்து சேர்கிற ஆறு சாதாரணமானதல்ல. பாம்பாறு, சின்னாறு, தேனாறு மூன்றும் மலையிலிருந்து இறங்கி அமராவதி அணையில் சேர்கின்றன. 1957-ல் கட்டிய அணை. முழுக் கொள்ளளவு 4 டி.எம்.சி. அணைக்கு முன்பே இங்கே வாய்க்கால்கள் இருந்தன. கல்லாபுரம், ராமகுளம், குமரலிங்கம், கண்ணாடிப்புத்தூர், சோழமாதேவி, கணியூர், கடத்தூர், காரத்தொழுவு என்று எட்டு ராஜவாய்க்கால். பல்லடம் தாண்டிக் காற்றாலைகளுக்கு நடுவே வறண்ட காட்டைப் பார்த்துக்கொண்டே வந்தவர்களுக்குக் குமரலிங்கம், கொழுமம் பக்கம் திரும்பியதும் நெல்வயலும் தென்னையும் கண்ணில் அடிப்பது இந்த எட்டு வாய்க்கால்களால்தான்.

அணைக்குப் போனால் ஜிலேபி மீன் வறுவல் உண்டு. 1970-களில் தொடங்கிய முதலைப் பண்ணையும் உண்டு. பிள்ளைகள் பார்க்க வருவது அதைத்தான். வாயைப் பிளந்தபடி வெயிலில் கிடக்கிற முதலையைப் பொம்மை என்று வாதாடிவிட்டு, அது அசைந்ததும் அலறுவார்கள். வேலிக்கு உள்ளே இருப்பவை மட்டும்தான் முதலை என்று நினைத்துவிடக் கூடாது. முதலைகள் அணையில் சேரும் அந்த ஆறுகளின் சொந்தக் குடிகள், நீர்த்தேக்கத்திலும் இருக்கின்றன. குளிக்கிற இடத்தை உள்ளூர்க்காரரிடம் கேட்டுத்தான் இறங்க வேண்டும் என்பது அதனால்தான்.

பைக் வைத்திருக்கிற இளவட்டங்கள் இந்த வட்டத்தோடு நிற்பதில்லை. உடுமலையிலிருந்து ஒன்பதாறு செக்போஸ்ட், சின்னாறு, மறையூர் வழியாக மூணாறுக்கு ஏறுவார்கள். மழை மறைவுப் பகுதி என்பதால் சின்னாறு வரை முள்காடு. அதற்கு மேல் மறையூரில் சந்தனமரமும் கரும்பும். இந்தப் பக்கம் ஆனைமலைப் புலிகள் காப்பகம், அந்தப் பக்கம் சின்னாறு சரணாலயம். வண்டியை நிறுத்தி யானையோடு செல்ஃபி எடுக்கிற இடமல்ல அது.

யானையே ஒருமுறை கீழே இறங்கி வந்தது. 2019 ஜனவரியில் கோவை தடாகத்தில் பிடித்து டாப்சிலிப் காட்டில் விடப்பட்ட சின்னத்தம்பி என்ற யானை, அங்கே தங்கவில்லை. நடந்தே சமவெளிக்கு வந்து, பிப்ரவரியில் மடத்துக்குளம் அருகே கிருஷ்ணாபுரம் அமராவதி கூட்டுறவு சர்க்கரை ஆலைப் பக்கமும் கண்ணாடிப்புத்தூர்க் கரும்புக்காட்டிலும் முகாம் போட்டது. கரும்பு, வாழை, அமராவதித் தண்ணீர். அதற்கும் இந்த ஊர் பிடித்துப்போனது. பார்க்கத் திரண்ட கூட்டம் கொஞ்சமல்ல. உயர் நீதிமன்ற உத்தரவின்படி வனத்துறை கும்கிகளைக் கொண்டு அதைப் பிடித்து லாரியில் ஏற்றியபோது, போக வேண்டாம் என்று ஊர்க்காரர்களே வருத்தப்பட்டார்கள். பயிர் தின்ற விருந்தாளிக்கே அப்படி வழியனுப்பு நடத்திய ஊர் இது.

ஞாயிறு விருந்தாளிகளுக்கு அந்த வழியனுப்பு கிடைப்பதில்லை. ஏனென்று திங்கட்கிழமை காலையில் போய்ப் பார்த்தேன். படித்துறையிலிருந்து இருபது தப்படிக்குள்: ஷாம்பு பாக்கெட்டுகள், பிரியாணி டப்பாக்கள், ஒற்றைச் செருப்பு, நனைந்து கனத்த ஒரு பனியன், கழுத்து உடைந்த பீர் பாட்டில்கள். ஆற்றில் உடைகிற கண்ணாடி ஆற்றோடு நிற்பதில்லை. வாய்க்கால் வழியாக வயலுக்குப் போகிறது. "நாத்து நட எறங்குறவங்க காலத்தானுங்க கிழிக்குது" என்றார் மடையைத் திருப்பிக்கொண்டிருந்த ஒரு பெரியவர்.

மலைக்குக் கணக்கு வந்துவிட்டது. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே முதல் இ-பாஸ். 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 என்று உயர் நீதிமன்றம் வரம்பும் போட்டது. காலி மதுபாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய் என்ற திட்டமும் நீலகிரியில்தான் முதலில் வந்தது. ஆற்றங்கரைக்குச் செக்போஸ்ட் போட முடியாது, போடவும் வேண்டாம். வாரம் முழுக்க மெஷினுக்கு முன்னால் குனிந்திருந்தவர்கள் ஒரு நாள் ஓடுகிற தண்ணீரில் நிற்க வருகிறார்கள். அவர்களைத் தடுப்பது நியாயமில்லை.

ஆறு செத்தால் என்ன ஆகும் என்று திருப்பூர்க்காரருக்குப் பாடம் எடுக்கவும் தேவையில்லை. அவர் வீட்டுக்குப் பின்னாலேயே அது ஓடுகிறது. அதனால் ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த ஞாயிறு வேனில் கட்டுச்சோற்றை ஏற்றும்போது, கம்பெனியில் கட்டிங் வேஸ்ட் கட்டுகிற சாக்கு ஒன்றையும் எடுத்துப் போடுங்கள். காலியாக வந்த சாக்கு நிறைந்து திரும்பட்டும்.

(தொடரும்)